சாணிக்கும் விட்டைக்கும் பெயர் வந்த கதை

மாடு மனிதனோடு வழக்காட, ஆடு நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உயிர்கள் கழித்துப் போடுவதற்கெல்லாம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. எரு. மாடு போட்டாலும் எரு, யானை போட்டாலும் எரு, கோழி வாசலில் போட்டுவிட்டு ஓடினாலும் எரு. மழைக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு பெயர் வைத்திருந்த மனிதர்கள் இதற்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிற பொருளுக்கு எத்தனை பெயர்தான் வேண்டும்?

மேற்கு மலையின் அடிவாரத்தில் மூங்கிலோடை என்று ஓர் ஊர். அங்கே விருமாயி என்று ஒரு மருந்துக்காரி இருந்தாள். மருந்து கொடுத்துப் பிணி தீர்க்கிற வேலையை அந்த நாளில் பண்டுவம் என்பார்கள். விருமாயி மனிதருக்கும் பண்டுவம் பார்ப்பாள், மாட்டுக்கும் பார்ப்பாள். வாசலில் கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்பாள், அவளுக்குப் பின்னால் கால் நொண்டிக்கொண்டு ஒரு வெள்ளாடு நிற்கும். யார் முதலில் வந்தார்களோ அவர்களைத்தான் முதலில் பார்ப்பாள்.

விருமாயியின் மருந்தில் பாதி, தீயில் இருந்தது. வேரை அரைத்து வில்லை தட்டி, இரண்டு மண் அகலுக்கு நடுவே வைத்து மூடி, மண் பூசிய துணியால் விளிம்பைச் சுற்றி ஒட்டி, காய்ந்த எருவுக்குள் புதைத்துத் தீ வைப்பாள். அதைப் புடம் போடுவது என்பார்கள். தீ கூடினால் உள்ளே இருக்கிற மருந்து கரியாகிவிடும். குறைந்தால் பச்சையாக நின்றுவிடும். பச்சை மருந்து விஷம். ஆகவே எந்த விலங்கின் எரு எப்படி எரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. யானை போட்டது நாராக இருக்கும், ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பசு போட்டதைத் தட்டிக் காயவைத்தால் அலுங்காமல் குலுங்காமல் ஒரே சீராக எரியும். ஆடு போட்டது எரியவே எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்று நாள் முழுக்கச் சூடு வைத்திருக்கும். கழுதை போட்டதை அவள் புடத்துக்குச் சேர்ப்பதே இல்லை. பாதி மென்ற வைக்கோல் அது. பார்க்கச் சாதுவாகக் கிடக்கும், தணலில் விழுந்தால் குபீரென்று ஆளுயரம் எழும்பும்.

இதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். கை போய் எடுக்கும், சரியானதை எடுக்கும். வாயால் யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

அவள் புருஷன் பெயர் மொக்கையன். அவளுடைய அத்தை மகன்தான். ஆறடி ஆள். சிரித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஒரு வேலை சொன்னால் பாதி வழியில் மறந்துவிட்டு, எதிரே வந்த எருமையிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பான். உப்பு வாங்கி வரச் சொன்னால், வெறுங்கையோடு வந்து, "ஏ புள்ள, அந்த எருமைக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சாம்" என்பான். விருமாயி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அவன் வீட்டில் இல்லாத பொழுது அவளுக்கு மருந்து அரைக்க ஓடாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள், அவர்கள் வீட்டுக் கழுதை ஓடையில் சிக்கிக்கொண்டது. மருந்துச் செடியைச் சுமந்து வருகிற கழுதை அது. வெள்ளம் வடிந்துவிட்டது என்று நினைத்து இறங்கியது; நான்கு காலும் சேற்றில் போய்விட்டன. மொக்கையன் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதைத் தள்ளினான்.

"அண்ணே, என்னை விட்டுட்டுப் போங்கண்ணே. நீங்க வெறைச்சுப் போயிருவீங்க" என்று அழுதது கழுதை.

"விட்டுட்டுப் போனா உன் மதினி எனக்குச் சோறு போட மாட்டாடா. பேசாம மூச்சைப் பிடிச்சுக்க. இந்தா, இன்னொரு தள்ளு."

கழுதை கரையேறியது. மூன்றாம் நாள் மொக்கையன் படுத்தான்.

முதலில் குளிர், பிறகு காய்ச்சல், பிறகு இரண்டும் மாறி மாறி. விருமாயி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நெற்றிக்குப் பற்றுப் போட்டாள். தவிட்டை வறுத்து ஒற்றடம் கொடுத்தாள். ஊராருக்கெல்லாம் கேட்ட மருந்து இவனுக்குக் கேட்கவில்லை. ஏழாம் நாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் கண் திறந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, மரியாதையாகக் கேட்டான்:

"நீங்க யாரு தாயி? எந்த ஊரு?"

விருமாயி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோண்டுகிற கம்பியை எடுத்துக்கொண்டு மலையேறினாள்.

மலைமேல் பாறை இடுக்கில் செந்நாக்கு வேர் என்று ஒன்று உண்டு. மூளைக்கு ஏறிய காய்ச்சலை அதுதான் இறக்கும். ஒரு பாறையில் ஒரு செடிதான் இருக்கும். அதைத் தேடித் தேடி, கடைசியில் கண்டுபிடித்துக் கெல்லி எடுத்தாள். ஒரு பிடி தேறியது. இரண்டு புடத்துக்குப் போதும். இறங்கும்போது பாசியில் கால் வைத்துச் சறுக்கினாள். கணுக்கால் புரண்டுவிட்டது. வேரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எழுந்து நிற்க முடியாமல் அங்கேயே கிடந்தாள்.

அந்த வழியாக அத்தி மரத்துக்கு மேயப் போன கிழட்டு யானை அவளைப் பார்த்தது.

"என்ன தங்கச்சி, இங்க வந்து படுத்திருக்க?"

"படுக்கலை, பெரியவரே. கால் புரண்டுருச்சு. அங்க அவரு கிடக்காரு. என்னை எப்படியாச்சும் கீழ கொண்டுபோய் விடுங்க."

யானை அவளைத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, ஈரப் பாறையில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. இறக்கிவிட்டுப் போகவும் இல்லை. "சும்மா நிக்கிறேன். எதுக்காச்சும் ஆகும்" என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டது.

வீட்டுப் பசு மயிலையும், வெள்ளாடும், கழுதையும், ஒரு பெட்டைக் கோழியும் முற்றத்தில் கூடிவிட்டன. விருமாயி கணுக்காலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே வேரில் பாதியை அரைத்தாள். வில்லை தட்டினாள். அகலில் வைத்து மூடி மண் பூசினாள். கொட்டிலில் குவித்து வைத்திருந்த எருவைத் தவழ்ந்து போய்த் தானே பொறுக்கி வந்து அடுக்கித் தீயும் வைத்தாள். தீ சொன்னபடி கேட்டது. நடுப்பகல் வரை தணல் ஒரே நிறமாக இருந்தது.

அப்போது உள்ளே மொக்கையன் அலறினான். வெள்ளம் வருகிறது, கழுதையைப் பிடி என்று கத்தினான். விருமாயி நொண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். வாசற்படியில் நின்று திரும்பி, "தணல் மங்குற மாதிரி தெரிஞ்சா எரு போடுங்க. காஞ்ச எருவாப் பாத்துப் போடுங்க" என்றாள்.

"நான் பாத்துக்கிறேன் மதினி. நீங்க அண்ணனைப் பாருங்க" என்றது கழுதை.

கழுதை தணலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் இப்படிக் கிடப்பது தன்னால் என்று ஏழு நாளாக அது ஒழுங்காகத் தின்னவில்லை, தூங்கவில்லை. தணலின் ஓரம் கொஞ்சம் சாம்பல் பூத்ததைப் பார்த்ததும் துள்ளி எழுந்தது. கொட்டிலுக்குப் போகவில்லை. தான் கட்டுத்தறியில் போட்டுக் காய்ந்து கிடந்ததைக் கூடையில் தள்ளி, கூடையை வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு வந்தது. யார் யாருடைய எருவோ அண்ணனைப் பிழைக்க வைக்கப் போகிறது, அதில் நம்முடையதும் இருக்கட்டுமே என்று அதற்கு ஆசை. கூடை முழுவதையும் தணலில் கவிழ்த்தது.

குபீர் என்றது. வேப்பமரத்தின் கீழ்க்கிளை கருகியது. யானையே இரண்டு எட்டுப் பின்னால் போனது. தணலுக்குள்ளிருந்து, சட்டி உடைகிற மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம்.

விருமாயிக்கு உள்ளே இருக்கும்போதே வாடை தெரிந்துவிட்டது. அவள் வந்து கம்பியால் கிளறினாள். அகல் இரண்டாகப் பிளந்திருந்தது. மருந்து இருந்த இடத்தில் கரி இருந்தது. பக்கத்தில் முழுதும் எரியாத ஒரு துண்டு கிடந்தது. எடுத்துப் பிய்த்தாள். உள்ளே பாதி மென்ற வைக்கோல்.

கோபம் வந்தால் விருமாயிக்கு அவள் அம்மா ஊர்ப் பேச்சு வந்துவிடும். அங்கே 'வந்தாய்' என்பதை 'வந்தை' என்பார்கள். 'போனாய்' என்பதை 'போனை' என்பார்கள்.

"யார் விட்டது இது?" என்று கத்தினாள். கழுதையைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா விட்டை? சொல்லு. நீயா விட்டை?"

கழுதை காதை மடக்கிக்கொண்டது. "நான்தேன் மதினி."

"ஏண்டா இப்படிப் பண்ணினை?"

"எரு போடச் சொன்னீங்க. காஞ்ச எருவாப் பாத்துப் போடச் சொன்னீங்க. காஞ்சதுதேன் மதினி. எருதேன் போட்டேன்."

விருமாயி வாயைத் திறந்தாள். அது சொன்னது அத்தனையும் உண்மை. எரு என்றாள், எரு வந்தது. வேறு எந்தச் சொல்லை அவள் கொடுத்திருந்தாள்? இத்தனை வருஷம் எது எது என்று தன் கைக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தாள். இன்றைக்குக் கை வர முடியாத இடத்துக்கு வாய் போய்விட்டது; வாயில் ஒன்றும் இல்லை.

அப்படியே சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கழுதை மெல்ல வந்து, தலையை அவள் தோளில் வைத்துக்கொண்டு அழுதது. "என்னை அந்தச் சேத்துலயே விட்டுருக்கலாம் மதினி" என்றது. அவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. ஏழு நாளாக வராத அழுகை. இரண்டு பேரும் சேர்ந்து அழுவதைப் பார்த்த கோழி, இது என்ன கூத்து என்று புரியாமல், தானும் ஒரு பக்கம் நின்று கொக்கரித்தது.

வேர் இன்னும் பாதி இருந்தது. அதோடு சரி. மலையில் மறுபடி தேட அவளுக்குக் காலும் இல்லை, அவனுக்கு நாளும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இன்னிக்கு அவரை விட்டு நான் நகர முடியாது. நேத்துலருந்து அவரு காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தேன் அடங்கிக் கிடக்காரு. தீயை நீங்கதேன் பாக்கணும். நான் உள்ள இருந்து சொல்லுவேன். சொன்னது வேற, போட்டது வேறன்னு ஆகக் கூடாது. அதுனால ஆளுக்கு ஒரு பேரு வைக்கப் போறேன். உங்க எருவுக்கு."

வெள்ளாடு தலையைச் சாய்த்தது. "எருவுக்கா? பேரா?"

"ஆமா. சிரிக்காத."

மயிலைப் பசு போட்டதைக் கையில் எடுத்தாள். அதை அவள் எப்போதும் தன் கையால் சாண் அளந்து, சாண் அகலத்துக்குத்தான் தட்டுவாள். அதனால், "இது சாணி" என்றாள். மயிலை அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. அசை போடுவதற்கு நன்றாக இருந்தது.

ஆடு போட்டது உருண்டை உருண்டையாகக் கிடந்தது. எரியாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருப்பது. "இது புழுக்கை."

"ஏக்கா, நல்லாவே இல்லையே" என்றது வெள்ளாடு.

"நல்லா இருக்கணும்னு வைக்கலை. மறக்கக் கூடாதுன்னு வைக்கிறேன்."

வேப்பமரத்தடியில் யானை தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தது. அது போட்டதை உதிர்த்துப் பார்த்தாள். இலையும் அத்தியும்தான் உள்ளே. "பெரியவரே, உங்களது இலத்தி."

"இலத்தி" என்று யானை நிதானமாகச் சொன்னது. "கம்பீரமாத்தேன் இருக்கு."

கழுதை கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. விருமாயி அதன் பக்கம் திரும்பவில்லை. கோபத்தில் இல்லை, அது போட்டது இன்றைக்கு வேண்டாம், அவ்வளவுதான். கழுதை போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

மிச்ச வேரையும் அரைத்தாள். புது அகலில் வைத்து மூடி, மண் பூசி, புடக் குழியில் இறக்கினாள். பிறகு உள்ளே போய் மொக்கையனின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அங்கிருந்து குழி தெரியாது. புகை தெரியும், வாடை தெரியும்.

"இலத்தி!" என்று குரல் கொடுத்தாள்.

யானை, கொட்டிலில் காய்ந்திருந்ததை எடுத்துக் குழியில் உதிர்த்தது. பொறி வைத்ததும் பற்றிக்கொண்டது. விருமாயி மூக்கை உயர்த்தி வாடை பிடித்தாள். புல்லும் இலையும் எரிகிற வாடை. சரி.

"சாணி! சுத்தி அடுக்குங்க. ரெண்டு அடுக்கு."

மயிலை நாக்கால் நகர்த்த, யானை துதிக்கையால் அடுக்கியது. புகை வெள்ளையாக, நேராக எழுந்தது. மொக்கையன் புரண்டு, "வெள்ளம்... வெள்ளம்..." என்றான். அவள் அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "வெள்ளம் இல்லை மாமா. வடிஞ்சு போச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே காதை வெளியே வைத்திருந்தாள். தீ ஒரே சீராக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

உச்சிப் பொழுதில் புகை மெலிந்தது. நேற்று கெட்டது இந்த நேரத்தில்தான்.

"புழுக்கை!"

வெளியே வெள்ளாட்டின் குரல்: "புழுக்கைதேன் போடுறேன்க்கா! புழுக்கையேதேன்! ஒரு கூடையா, ரெண்டு கூடையா?"

"ரெண்டு! மேலாக்கத் தூவி மூடு!"

உருண்டைகள் பொலபொலவென்று விழுகிற சத்தம் கேட்டது. குபீர் என்று எதுவும் எழும்பவில்லை. அடங்கின புழுக்கம் ஒன்று வாசல் வழியாக மெல்ல உள்ளே வந்தது. மழை வரும் முன் வருகிற புழுக்கம் மாதிரி. விருமாயி கண்ணை மூடிக்கொண்டாள். முதல் முறையாக ஒரு மருந்தைக் கையால் தொடாமல், பேரைச் சொல்லியே பழுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்வரை அப்படியே கூப்பிட்டாள். சாணி என்றாள், சாணி விழுந்தது. புழுக்கை என்றாள், புழுக்கை விழுந்தது. அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து நின்று, மருந்துக்காரிக்கு என்ன ஆச்சு, யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்த்தார்கள். விலங்குகள் ஓடி ஓடி வேலை செய்வதைப் பார்த்ததும் அவர்களுக்கும் விளங்கிவிட்டது. ஒரு பெண் தன் வீட்டிலிருந்து ஒரு கூடை காய்ந்த புழுக்கையை, அந்தப் பேரையே சொல்லி, வேலிமேல் எடுத்து நீட்டினாள்.

அந்தியில் குழி ஆறியது. விருமாயி அகலைத் திறந்தாள். உள்ளே மருந்து செம்மண் நிறத்தில், விரலால் தொட்டால் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற பொடியாக இருந்தது. தேனில் குழைத்து, மொக்கையனின் நாக்கில் தடவினாள்.

அடிவாரத்தில் பொழுது இறங்கினால் கொசு வந்துவிடும். ஒரு வாரமாக அதுவும் சேர்ந்து அவனைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒன்றையும் காணோம். விருமாயி வெளியே எட்டிப் பார்த்தாள். சன்னலுக்குக் கீழே கழுதை நின்றிருந்தது. தன்னுடையதை ஈரத்தோடு ஒரு ஓட்டுச் சட்டியில் போட்டு, ஆறிய குழிக்குள் மிஞ்சிக் கிடந்த ஒரு தணலைத் தள்ளி வைத்திருந்தது. அதிலிருந்து தடித்த புகை எழுந்து சன்னலைச் சுற்றிக்கொண்டு நின்றது. கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே, அது சட்டியைக் காலால் தள்ளித் தள்ளிக் காற்றுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொண்டிருந்தது.

"யார் சொன்னா உனக்கு?" என்றாள் விருமாயி.

"யாரும் சொல்லலை மதினி. நேத்து எரிஞ்சு அந்தி வரைக்கும் புகைஞ்சப்ப பாத்தேன், முத்தத்துல ஒரு கொசு இல்லை." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது: "இதுவும் தப்பா?"

"தப்பு இல்லைடா" என்றாள். "இங்க வா. உனக்கு மட்டும் பேரு வைக்காம விட்டுட்டேன். நல்ல பேரா, அழகாச் சொல்லுறேன்."

"வேண்டாம் மதினி. எனக்குத்தேன் முதல்லயே பேரு வச்சுட்டீங்களே."

"நான் எப்போ வச்சேன்?"

"நேத்து. 'நீயா விட்டை'ன்னு கேட்டீங்க. விட்டை. அதே இருக்கட்டும்."

"அது திட்டினதுடா."

"திட்டினாலும் என் முகத்தைப் பாத்துச் சொன்னீங்க. மத்தவங்களுக்கு எல்லாம் அதைக் கையில எடுத்துப் பாத்துல்ல பேரு வச்சீங்க."

விருமாயிக்குச் சிரிப்பு வந்தது. சன்னல் வழியாகக் கையை நீட்டி, அதன் இரண்டு காதுக்கும் நடுவே தடவிக் கொடுத்தாள்.

மூன்று நாள், வேளைக்கு ஒரு விரல் அளவு அந்த மருந்தைக் கொடுத்தாள். நான்காம் நாள் காலையில் மொக்கையனுக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். விருமாயி மூச்சை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர் என்று கேட்டுவிடுவானோ?

"ஏ புள்ள" என்றான் மொக்கையன். "யாரு அந்தப் புழுக்கை? நீ பாட்டுக்கு அவனையே கூப்பிட்டுக்கிட்டு இருந்த?"

அவள் சிரித்த சிரிப்பு ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. வாசலில் படுத்திருந்த கழுதை கதவை முட்டித் திறந்துகொண்டு உள்ளே வந்து, இடம் போதாமல் பானையை உருட்டிவிட்டு, அவன் முகத்தை முகர்ந்தது.

பெயர்கள் அதற்குள் ஊரைத் தாண்டிவிட்டன. ஓடைக்கரையில், சந்தையில், அடுத்த ஊரில்கூட, சாணி தட்டினேன், புழுக்கை அள்ளினேன் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டைக் கோழிக்கு அது பொறுக்கவில்லை. விருமாயி முறம் எடுத்தால் முறத்தில் ஏறி நின்றது, உரலில் கை வைத்தால் உரலில் ஏறி நின்றது.

"எனக்கு மட்டும் ஏன் பேரு இல்லை? நானும்தேன் அன்னிக்கு அழுதேன்."

"எல்லாப் பேரும் தீந்து போச்சே. எச்சம் ஒண்ணும் இல்லையே" என்றாள் விருமாயி சலிப்போடு. எச்சம் என்றால் மிச்சம் மீதி.

"எச்சம்! அதுதேன் என் பேரா?" என்று கோழி குதித்தது. அவள் மறுப்பதற்குள் கூரைமேல் ஏறி, காக்கைக்கும் புறாவுக்கும் கொக்குக்கும் சேதி சொல்லிவிட்டது. இனி இறகு முளைத்த எல்லாருக்கும் எச்சம்தான், மருந்துக்காரியே சொல்லிவிட்டாள் என்று.

மொக்கையன் எழுந்து நடமாட ஆரம்பித்த அன்று, மயிலையிடமும் யானையிடமும் இந்தக் கதையை முழுக்கக் கேட்டான். நடுவில் நாலு முறை சிரித்தான். இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு யோசனையாக விருமாயியிடம் வந்தான்.

"ஏ புள்ள, எல்லாருக்கும் பேரு வச்சுட்ட. நம்ம மனுசங்க போடுறதுக்கு என்ன பேரு?"

வேலியோரம் நின்ற பெண்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டுவிட்டார்கள். விருமாயிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது எந்தப் புடத்துக்கு ஆகப் போகுது? அதுக்கு எதுக்குப் பேரு?" என்றாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "பேசாம அந்தச் சொம்பை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டு வாங்க மாமா."

அவன் சொம்பை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று பிடித்துத்தான், மாடு போட்டால் சாணி, ஆடு போட்டால் புழுக்கை, யானை போட்டால் இலத்தி, கழுதை போட்டால் விட்டை, பறவை போட்டால் எச்சம் என்று ஆளுக்கு ஒரு பெயரை நாம் வாய் கூசாமல் சொல்கிறோம். நம் முறை வரும்போது மட்டும் எந்தப் பெயரும் சொல்லாமல், "கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்" என்று எழுந்துவிடுகிறோம்.